பாத்துக்குங்க சார்

சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, டோக்கன் வரிசையெல்லாம் தாண்டி வெளியே வந்தபோது மணி மூன்றரை. வீட்டை விற்றவர் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தார். ஐந்து சாவிகள், ஒரு பித்தளை வேல். "உள்ள கொஞ்சம் சாமான் இருக்கு, பாத்துக்குங்க சார்" என்றார். நானும் "சரிங்க சார், பாத்துக்கறோம்" என்றேன். இருவரும் கைகூப்பிக்கொண்டோம். அவர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "பாத்துக்குங்க" என்றால் பத்திரமாக வைத்திருங்கள் என்றும் ஆகும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஆகும், வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றும் ஆகும். எனக்கு எது வசதியோ அப்படியே என் காதில் விழுந்தது. அதனால், எனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தேன். அது ஒரு தாயின் கிரைண்டர்.

2024 ஆவணி. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து பதிவு செய்தோம். நங்கநல்லூரில் இரண்டாவது மாடி, பதினெட்டு வருடம் பழைய ஃபிளாட். அதில் தனியாக இருந்த அம்மா முந்தைய வருடம் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். மூத்தவர் சென்னையில், தம்பி பஹ்ரைனில், தங்கை மதுரையில். தம்பியும் தங்கையும் அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் நாங்கள் பார்த்தது, பேசியது, பணம் பற்றி முடிவு செய்தது எல்லாம் அண்ணனிடம் மட்டும்தான். அந்தத் தங்கையின் குரலைக்கூட அப்போது கேட்டதில்லை.

கதவைத் திறந்தால் "கொஞ்சம் சாமான்" இல்லை, முக்கால் வீடு இருந்தது. கட்டிலும் பீரோவும் மட்டும் போயிருந்தன. கூடத்தில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பக்கத்தில் ஸ்டெபிலைசர். இரண்டு படுக்கையறையிலும் ஏசி. குளியலறையில் கீசர். சமையலறைச் சுவரில் ஆர்ஓ. நடைவழி மூலையில் இன்வெர்ட்டரும் தண்ணீர் வற்றிய பேட்டரியும். சர்வீஸ் பால்கனியில் வாஷிங் மெஷின், அதையடுத்து ஒரு பழைய கோயம்புத்தூர் கிரைண்டர்.

அந்தக் கிரைண்டரைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இப்போது மேடையில் வைத்துப் பயன்படுத்துகிற சின்ன வகை இல்லை. தரையில் நிற்பது. சதுரப் பெட்டி உடம்பு, நடுவில் கல் பதித்த டிரம், ஒரே ஒரு குழவி. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். குழவியின் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. டிரம்முக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காய்ந்த மாவு, விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. மேலே எவர்சில்வர் மூடி. அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: முதலெழுத்து, பெயர், 1994 என்று வருடம். பாத்திரக் கடையில் நின்று பெயர் வெட்டி வாங்கியது. இது யாருடையது என்று அந்தப் பொருளே எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் படித்தேன். படித்துவிட்டுத் துடைத்து வைத்தேன்.

குடிபோகும் அவசரத்தில் ஒவ்வொன்றாகக் கழித்தோம். புது பேட்டரி வாங்கியபோது பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார். ஃபிரிட்ஜ் எக்ஸ்சேஞ்சில் போனது. வாஷிங் மெஷின் ஓடியது, வைத்துக்கொண்டோம். எங்களிடம் டேபிள் டாப் கிரைண்டர் இருந்ததால் அந்தப் பெரியதை வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்தோம். அவர் பழவந்தாங்கலில் இட்லி மாவு அரைத்து விற்பவர். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "சார், நான் அந்த வீட்டம்மாவோட பொண்ணு பேசறேன், மதுரையிலேர்ந்து." தயங்கித் தயங்கிப் பேசினார். அம்மாவின் முதல் திதிக்குச் சென்னை வருகிறாராம். "தப்பா எடுத்துக்காதீங்க. ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் எனக்கு வேண்டாம். அம்மாவோட கிரைண்டர் மட்டும் இருந்தா எடுத்துக்கவா?"

"பார்த்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். காசு கொடுத்தோம், பதிவு முடிந்தது, சாவி வந்தது, வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரருடையது. இதில் என்ன கேள்வி? அந்தக் கோபத்தோடுதான் சைதாப்பேட்டையில் வக்கீலாகப் பிராக்டிஸ் செய்யும் என் கல்லூரி நண்பனுக்குப் போன் செய்தேன். அவன், "பத்திரத்தை எடு, தபசிலைப் படி" என்றான். தபசில் என்றால் பத்திரத்தில் வரும் சொத்து விவரப் பட்டியல்.

எடுத்தேன். நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் இத்தனை சதுர அடி, கட்டடம் இத்தனை சதுர அடி, ஒரு கார் நிறுத்துமிடம், நான்கு எல்லை, மின் இணைப்பு எண். ஃபிரிட்ஜும் இல்லை, கிரைண்டரும் இல்லை. பழைய பத்திரங்களில் நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அஷ்டபோகத்தையும், அதாவது எட்டு வகை அனுபவ உரிமையையும், வரிசையாக எழுதுவார்கள். மண்ணுக்குள் இருக்கலாமோ என்னவோ என்கிற புதையலுக்குக்கூட ஒரு சொல் ஒதுக்கினார்கள். (புதையலுக்கு 1878-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.) கண்ணெதிரே நிற்கிற பொருள்களுக்கு என் பத்திரத்தில் ஒரு வரி இல்லை.

எழுதாமல் விட்டதை நிரப்புவது 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 8-ஆம் பிரிவு, வீடு கைமாறினால் கூடவே என்னென்ன போகும் என்று சொல்கிறது: பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், அப்புறம் வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்கென்று வைத்த மற்றவை எல்லாம். பிரச்சினை இந்த "மற்றவை எல்லாம்" என்பதில்தான். அந்தச் சட்டத்தை எழுதிய காலத்தில் வீட்டுக்குள் மின்சாரமே இல்லை.

அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் "நிலத்தோடு இணைந்தது" என்றால் என்ன என்று வருகிறது. மரம்போல வேர் விட்டது, சுவர்போலப் பதிந்தது, பதிந்த ஒன்றின் நிரந்தரப் பயனுக்காக அதனோடு பொருத்தப்பட்டது. இந்த மூன்றாவதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் 1940-லேயே ஒரு தீர்ப்பில் தெளிவாகப் பிரித்திருக்கிறது. கட்டடத்துக்கு நிரந்தரப் பயனாகப் பொருத்தினால் அது கட்டடத்தில் சேர்ந்தது. அந்தப் பொருளைப் பயன்படுத்திக்கொள்வதற்காக மட்டும் பொருத்தினால், பொருத்தியிருந்தாலும் அது அசையும் பொருள்தான்.

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஜன்னல் கம்பி ஜன்னலுக்காக இருக்கிறது. ஆனால் ஏசியைச் சுவரில் மாட்டியது சுவருக்காக இல்லை. மாட்டாமல் ஏசியை ஓட்ட முடியாது என்பதற்காக. நான்கு போல்ட்டைக் கழற்றி, கேஸை உள்ளே இழுத்து, செம்புக் குழாயைப் பிரித்தால் ஏசி போய்விடும், சுவர் அங்கேயே இருக்கும். அப்படிப் பார்த்தால் ஏசி விற்றவருடையது, அதற்காகச் சுவருக்குள் ஓடும் வயரிங் வாங்கியவருடையது. சுவரோடு பதித்த அலமாரி, சமையல் மேடை, சிங்க், குழாய், ஸ்விட்ச் பலகை எல்லாம் வீட்டோடு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் சந்தேகமில்லாமல் அசையும் பொருள். கீசரிலும் ஆர்ஓவிலும்தான் இரண்டு பக்கமும் வாதாடலாம். என்னைக் கேட்டால், பைப்போடு இணைத்து, அது இல்லாமல் குளியலறையில் வெந்நீர் வராது என்ற நிலையில் இருக்கும் கீசர் வீட்டோடு சேர வேண்டும் என்பேன். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "கழட்டினா வருதா இல்லையா?" என்றான்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனிடம் பேசியபோது அங்கேயும் இதே சண்டை நடந்திருப்பது தெரிந்தது. அடமானத்தில் ஒரு வங்கி எடுத்துக்கொண்ட ஃபிளாட். உள்ளே இருந்தவை யாருக்கு என்று அப்பீல் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. குளியலறைச் சாதனங்களும் சமையலறை அலமாரிகளும் வீட்டோடு சேர்ந்தவை. ஃபிரிட்ஜ், ஓவன் போன்றவை சேராதவை. தன் எடையில் நிற்பவை, பிளக்கைப் பிடுங்கினால் நகர்பவை. தரைக்குப் பொருத்தமாக வெட்டிப் போட்ட கார்ப்பெட்கூடச் சேரவில்லை. அங்கே இப்போது விற்பவர் டி.ஏ.10 என்று ஒரு படிவம் நிரப்புகிறாராம். திரைச்சீலைக் கம்பி முதல் பல்பு வரை எது இருக்கும், எது போகும் என்று ஒவ்வொன்றுக்கும் டிக். அவன் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு ஏக்கமாக இருந்தது.

சரி, அசையும் பொருள் விற்றவருடையது என்றே வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டுப் போனாரே, அப்போது எனக்கு வந்துவிடாதா? வராது. விட்டுப் போவதும் கொடுத்துவிடுவதும் ஒன்றில்லை. வேண்டாம் என்று மனதார உரிமையைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது தானமாகக் கொடுத்திருக்க வேண்டும். அசையும் பொருளைத் தானம் தர ஸ்டாம்ப் பேப்பர்கூடத் தேவையில்லை. "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்து, நாம் வாங்கிக்கொண்டால் 123-ஆம் பிரிவுப்படி முடிந்தது. ஆனால் அவர் சொன்னது "வெச்சுக்குங்க" இல்லை, "பாத்துக்குங்க."

அப்படியே அவர் "வெச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தாலும் போதாது என்பதுதான் எனக்குப் பெரிய அடி. அம்மா உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. வீட்டில் மட்டும் இல்லை, ஃபிரிட்ஜில், கிரைண்டரில், டம்ளரில்கூட. தம்பியும் தங்கையும் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த பவர், ஃபிளாட்டை விற்க மட்டும்தான். உள்ளே இருக்கிற சாமானைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. ஆக, தங்கையின் பங்கை எனக்குத் தர அண்ணனுக்கே உரிமை கிடையாது. தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் அடுத்தவருக்குத் தர முடியாது என்பது பொதுவான சட்ட விதி. அதே விதிப்படி, எங்கள் அக்காவுக்கு நான் கொடுத்ததும் செல்லாது.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டேன். "அடுத்தவங்க பொருள் உன் கையில இருக்கு. கண்டெடுத்தவன் மாதிரி" என்றான் நண்பன். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவின்படி, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவர், ஒப்படைத்த பொருளைக் காக்கிறவரைப்போலவே அதைக் காக்க வேண்டும். சொந்தப் பொருளை ஒரு சாதாரண ஆள் எவ்வளவு கவனமாக வைப்பாரோ அவ்வளவு கவனம். சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். என் விஷயத்தில் தேட என்ன இருக்கிறது? போனில் நம்பர் இருந்தது. மூடியில் பெயர் இருந்தது. ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் போதும். கெட்ட எண்ணம் இல்லாததால் கிரிமினல் பக்கம் போகாது என்று தைரியம் சொன்னான். எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

என் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டைச் சுவாதீனம் கொடுப்பது, அதாவது அனுபவத்துக்கு ஒப்படைப்பது, விற்பவரின் கடமை. முக்கால் வீட்டு சாமானை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் தருவது முழுச் சுவாதீனம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் வேளச்சேரியில் வாங்கிய வீட்டில் நனைந்த மெத்தைகளும் உடைந்த டிவியும் ஒரு டெம்போ நிறைய இருந்தன. அகற்றிய கூலி முழுக்க அவர் தலையில். இன்னொருவர் வீட்டில் நேர் எதிர்: ஃபேன், டியூப்லைட், காலிங் பெல் வரை கழற்றிக்கொண்டு, கூரையில் வயரைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் வாடகைக்கு இருந்தவர் மாட்டிய ஏசியாக இருந்தால் இன்னும் சிக்கல். அது விற்றவருடையதுகூட இல்லை. எல்லாவற்றிலும் ஆரம்பம் ஒன்றுதான். ஐம்பது, அறுபது லட்சம் பேசுகிற இடத்தில் கிரைண்டரைப் பற்றிக் கேட்டால் அற்பமாக நினைப்பார்களோ என்று இரண்டு பக்கமும் கூச்சப்பட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது.

கேட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போடும் நாளிலேயே, ஒவ்வொரு அறையாக நின்று போட்டோ எடுத்து, எது இருக்கும், எது போகும் என்று ஒரு தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்ன தேதிக்குள் எடுக்காவிட்டால் வாங்குபவர் எடுத்துக்கொள்ளலாம், அகற்றவும் செய்யலாம் என்று ஒரு வரி. பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பவர் கொடுத்தவர்கள் என்றால் அந்தப் பவரில் அசையும் பொருளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமானுக்கு விலை பேசினால் அதற்குத் தனி ரசீது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அசையாச் சொத்துக்குத்தான், ஃபிரிட்ஜுக்கு இல்லை. அதற்காக வீட்டு விலையைக் குறைத்துச் சோபாவுக்குப் பத்து லட்சம் என்று எழுதச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே நானும் மனைவியும் பழவந்தாங்கல் போனோம். அக்கா அதைக் கூடத்தில் சுவரோரம் வைத்திருந்தார். இடுக்கில் இருந்த காய்ந்த மாவு ஒரு துணுக்கு இல்லை. பெல்ட் மாற்றியிருந்தார். விஷயத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, மனைவிதான் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்கம்மா பொருளுன்னா குடுத்துரணும்மா. வியாழக்கிழமை வரைக்கும் ஆர்டர் இருக்கு, அதை மட்டும் அரைச்சுக்கறேன்" என்றார். புதன்கிழமையே புதிதாக ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கிக் கொண்டுபோய் வைத்தோம். வைத்த பிறகும், "பழைய கல்லு மாதிரி வராது, ஆனா பரவால்ல" என்றார்.

திதி முடிந்த மறுநாள் அந்தத் தங்கை வந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விடும்போதே நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன்: கொடுத்தது, திரும்ப வாங்கியது, ஃபிரிட்ஜும் பேட்டரியும் போனது, அவற்றுக்குக் கிடைத்த தொகை. கவரில் வைத்திருந்த பணத்தையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பால்கனிக்குப் போய் மூடியைத் திறந்து, குழவியின் தேய்ந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னார் சார்?"

"சாமான் இருக்கு, பாத்துக்குங்கன்னு சொன்னார்ம்மா."

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னார். 'வீட்ல இருக்கிற சாமானெல்லாம் நான் பாத்துக்கறேன்'னு. எனக்காக எடுத்து வெச்சிருப்பார்னு நெனச்சேன்."

காபி குடித்தபின் அவரே ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். ஏசி 2, கீசர் 1, ஆர்ஓ 1, வாஷிங் மெஷின் 1, இன்வெர்ட்டர் 1, ஏற்கெனவே எடுத்த ஃபிரிட்ஜ், பேட்டரி என்று வரிசையாக எழுதி, "மேற்கண்டவை இந்த வீட்டை வாங்கியவருக்கே, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டார். அண்ணன் மறுவாரம் வந்து போட்டார். பஹ்ரைன் தம்பி அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்பினார். அந்தத் தாள் இப்போது கிரயப் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் இருக்கிறது. பழக்கத்தில் மூன்றாவது வரியில் "கிரைண்டர் 1" என்று எழுதிவிட்டு, அவரே அதை அடித்திருக்கிறார்.